நீல் தீவில் ஐந்து இரவு சும்மா இருப்பது எப்படி: பேக்பேக் பயணிக்கு முழு வழிகாட்டி

அந்தமான் பேக்கேஜ் டூர்களில் நீல் தீவுக்கு ஒதுக்கப்படுவது பெரும்பாலும் அரை நாள்தான். காலைக் கப்பலில் இறங்கி, பரத்பூர் கடற்கரையில் கண்ணாடிப் படகில் ஒரு சுற்று சுற்றி, இயற்கைப் பாலத்தில் நின்று போட்டோ எடுத்து, மாலைக் கப்பலில் திரும்பிவிடுவார்கள். எப்படி இருந்தது என்று கேட்டால், "அங்க பார்க்க ஒண்ணும் இல்லையே" என்பார்கள். அந்தப் பதில் உங்களுக்குக் குறையாகப் படவில்லை என்றால் மேலே படியுங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் என்று பட்டியல் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு இந்தத் தீவு சரிப்படாது.

தீவின் மொத்தப் பரப்பு 14 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 3,000 பேர் வசிக்கிறார்கள். 1960-களில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளிக் குடும்பங்களை அரசு இங்கே குடியமர்த்தியது. அவர்கள் காடு திருத்தி உருவாக்கிய நெல் வயலும் காய்கறித் தோட்டமும் பாக்குத் தோப்பும்தான் இன்றைக்கும் தீவின் நடுப்பகுதி. அந்தமான் தலைநகரின் சந்தைக்குக் காய்கறி அனுப்பும் தீவு இது. 2018 டிசம்பரில் இதற்கு ஷஹீத் துவீப் என்று பெயர் மாற்றினார்கள். டிக்கெட்டில் அந்தப் பெயர்தான் இருக்கும், வாய்ப்பேச்சில் எல்லோருக்கும் நீல்தான். 1857-ல் கலகத்தை ஒடுக்கிய அதே ஜெனரல் நீலின் பெயர். சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற அவருடைய சிலையை அகற்றச் சொல்லி 1927-ல் சத்தியாகிரகம் நடந்தது. 1937-ல் சிலை அகற்றப்பட்டது. தீவின் பெயர் அதற்குப் பிறகும் எண்பது ஆண்டுகள் நீடித்திருக்கிறது.

முதல் வேலை: காலண்டரைப் பார்த்துத் தேதி குறிப்பது

விமானக் கட்டணத்தைப் பார்க்கும் முன் தினசரிக் காலண்டரில் அமாவாசையும் பௌர்ணமியும் எந்தத் தேதியில் வருகின்றன என்று பாருங்கள். சோதிடத்துக்காக அல்ல, நீரேற்றத்துக்காக. நீல் தீவில் எந்த நேரத்தில் எதைச் செய்யலாம் என்பதை முடிவு செய்வது கடிகாரம் அல்ல, கடல்.

இங்கே ஒரு நாளில் கடல் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் எல்லாமே சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் மிக அதிகம். ஒன்றரை மீட்டரைத் தாண்டும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

இதில் ஒரு வசதியான கணக்கு ஒளிந்திருக்கிறது. அந்தமான் கடலில் அமாவாசை, பௌர்ணமி வாக்கில் ஏற்றம் காலை 10 மணியை ஒட்டியும், வற்றம் மாலை 4 மணியை ஒட்டியும் வரும். அதாவது காலையில் பரத்பூரில் பவளத்தின் மேல் நீந்தப் போதிய தண்ணீர் இருக்கும். அரை நாள் கூட்டம் கப்பலுக்குக் கிளம்பும் பிற்பகலில் இயற்கைப் பாலத்துக்குப் போகும் வழி வற்றிக் கிடக்கும். அஷ்டமி வாக்கில் வற்றம் முற்பகலுக்கு வந்துவிடும், பாறைகளும் சரியாக வெளியே தெரியாது. ஆகவே ஐந்து இரவுத் தங்கலின் நடு நாள் அமாவாசைக்கு மறுநாளாக விழும்படி அமைப்பதே சிறந்தது. நிலவு இல்லாததால் இரவு வானமும் கூடுதல் லாபம். இந்திய சர்வே துறை ஆண்டுதோறும் வெளியிடும் நீரேற்ற அட்டவணையில் போர்ட் பிளேருக்கான நேரங்கள் இருக்கும். நீல் அங்கிருந்து 40 கிலோமீட்டருக்குள்தான் இருப்பதால் அந்த நேரமே ஏறக்குறைய போதும். தங்கப் போகும் நாட்களுக்கான வற்ற நேரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போனபின் இணையத்தில் தேடிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை, ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை நம்பிப் போகலாம். தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் தொடும் இடமே அந்தமான்தான். கேரளாவுக்கு முன்பே, மே மூன்றாம் வாரத்திலேயே இங்கே தொடங்கிவிடும். நவம்பர், டிசம்பரில் வெயில் இதமாக இருந்தாலும் வங்கக்கடல் புயல்களுக்கும் அதுதான் காலம். 2016 டிசம்பரில் சென்னையைப் புரட்டிப்போட்ட வர்தா புயல், அதற்குச் சில நாள் முன்பு அந்தமான் அருகே உருவானபோது நீலிலும் பக்கத்துத் தீவான ஹேவ்லாக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் கப்பல் இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அவர்களை அழைத்து வந்தன. டிசம்பர் கடைசி வாரத்தைத் தவிர்க்கக் காரணம் வேறு: அறை வாடகை இரண்டு மடங்காகும், நீங்கள் தேடிப் போகும் அமைதியும் இருக்காது.

போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டேகால் மணி நேரம். இறங்கும் ஊரின் பெயர் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட் தளங்களில் போர்ட் பிளேர் என்றும் தேடிப் பாருங்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து மாதத்துக்குச் சில முறை பயணிகள் கப்பலும் உண்டு. மூன்று நாள் பிடிக்கும், புறப்படும் தேதி மாறிக்கொண்டே இருக்கும், கடைசி நேரத்தில் தள்ளியும் போகும். மொத்தமாக மூன்று வாரம் கையில் இருந்தால் மட்டுமே அதை யோசியுங்கள்.

அங்கிருந்து நீலுக்கு இரண்டு வழி.

அரசுக் கப்பல் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து புறப்படும். நீலுக்கு நேராகப் போனால் இரண்டு மணி நேரம், ஹேவ்லாக் சுற்றிப் போனால் இன்னும் கூடுதல். கட்டணம் சில நூறு ரூபாய். தீவுவாசிகளுக்கு முன்னுரிமை உண்டு, அது நியாயமும்கூட: ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் அவர்கள் போக வேண்டிய கப்பல் அது. மிச்சமிருக்கும் இடங்கள்தான் நமக்கு. மேல்தளத்துக்குப் போய்க் காற்று வாங்கலாம் என்பது இதன் பெரிய சௌகரியம்.

தனியார் கப்பல்கள் ஹேடோ துறையிலிருந்து புறப்படுகின்றன. ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், ஏசி, எண்ணிட்ட இருக்கை, அரசுக் கட்டணத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை. ஆன்லைனில் முன்பதிவு செய்துவிடலாம். வேகமாகப் போவதால் அலையில் ஆட்டமும் அதிகம், பலவற்றில் வெளியே வந்து நிற்க முடியாது. குமட்டல் வருகிறவர்கள் கடைசி வரிசைக்கு அருகில், நடு இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள்; முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும். மாத்திரை போடுவதானால் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

எந்தக் கப்பலானாலும் அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும், ஒரு மணி நேரம் முன்பே துறைக்குப் போய்விடுங்கள். துறைகள் இரண்டும் வேறு வேறு இடம் என்பதை மறந்து தவறான வாசலில் ஆட்டோவை நிறுத்துவது அடிக்கடி நடக்கிறது. டிக்கெட்டில் எந்தத் துறை என்று முந்தின இரவே பார்த்துவிடுங்கள். இந்தியக் குடிமக்களுக்கு நீல் தீவுக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. மலேசியா, இலங்கை, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டில் வருகிறவர்கள் விமான நிலையத்திலேயே குடிநுழைவு மேசைக்குப் போய்ப் பதிவு விவரத்தை முடித்துவிட வேண்டும். தீவுக்குப் போனபின் அதைச் சரிசெய்ய வழியில்லை.

திரும்பும் திட்டத்தில் கைவைக்கக் கூடாத விதி ஒன்று உண்டு. விமானம் ஏறும் நாளுக்கு முந்தின இரவு ஸ்ரீ விஜயபுரத்தில் இருக்க வேண்டும். காலையில் நீலிலிருந்து கப்பல், மதியம் விமானம் என்று போடாதீர்கள். காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே கப்பல் ரத்தாகும். கப்பல் கட்டணம் திரும்ப வரும், விமானக் கட்டணம் வராது. அந்த உபரி நாளில் செல்லுலார் சிறையைப் பார்க்கலாம். ஊரில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம் என்பதால் இட்லிக்கும் குறைவிருக்காது.

பையில் என்ன

40 லிட்டர் பை, மொத்தம் 8 கிலோ. இதற்கு மேல் போனால் தேவையில்லாத ஏதோ உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

உடை: நூல் சட்டை அல்லது டீஷர்ட் மூன்று, அரைக்கால் சட்டை இரண்டு, கைலி ஒன்று, முழுக்கை நீச்சல் மேல்சட்டை ஒன்று. ஜீன்ஸ் வேண்டாம், உப்புக் காற்றில் அது காயவே காயாது. தேங்காய்ப்பூத் துண்டு வேண்டாம், ஈரிழைத் துண்டு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டை சன்ஸ்கிரீன் செலவைப் பாதியாக்கும், பவளத்துக்கும் நல்லது.

காலுக்கு: ரப்பர் அடிப்பாகம் உள்ள, குதிகாலை மூடும் ரீஃப் ஷூ. வற்றத்தில் நடக்கும் இடமெல்லாம் செத்த பவளமும் கூர்ப்பாறையும்தான். ஹவாய் செருப்பு ஒரு குட்டையில் கழன்று மிதக்கும், வெறுங்கால் அடுத்த பாறையில் கிழியும்.

தண்ணீருக்கு: சொந்த மாஸ்க், ஸ்நார்க்கல் குழாய். வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் ரப்பர் விளிம்பு இறுகிப்போய்த் தண்ணீர் கசியும். வாங்கும்போது பட்டியை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை எடுத்தபின்னும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்தும். மீசை அடர்த்தியாக உள்ளவர்களுக்கு மேலுதட்டில் கசியும், அந்த இடத்தில் கொஞ்சம் வாசலின் தடவினால் நிற்கும்.

மருந்து: ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஐந்து, பொவிடோன் அயோடின் திரவம் ஒரு சிறிய பாட்டில், கலமைன் லோஷன், அரிப்புக்கான மாத்திரை, வழக்கமாக எடுக்கும் மருந்துகள் பத்து நாளுக்கு. ஐந்து நாள் தங்கலுக்கு ஏன் பத்து நாள் மருந்து என்றால், மேலே சொன்ன வர்தா காரணம்தான். தேங்காய் எண்ணெய் 100 மி.லி.யும் வேண்டும், எதற்கென்று பிறகு வரும்.

மின்சாரம் டீசல் ஜெனரேட்டரை நம்பியது, அடிக்கடி போய்வரும். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்றும் தலையில் மாட்டும் டார்ச் ஒன்றும் போதும். படிக்க அச்சிட்ட புத்தகம் எடுத்துப் போங்கள். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடி கேபிள் 2020 ஆகஸ்டில் வந்துவிட்டது என்றாலும் நீலில் சிக்னல் கிடைக்கும்போதுதான் கிடைக்கும். ஆபீஸ் வீடியோ மீட்டிங்கை இங்கிருந்து சமாளித்துவிடலாம் என்று மேலதிகாரியிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பணம் ரொக்கமாக வேண்டும். ஏடிஎம்மை நம்பினால் அது காலியாகவோ இணைப்பு இல்லாமலோ இருக்கும். யுபிஐக்கும் அதே சிக்னல்தான் வேண்டும். ஒரு நாளைக்கு 2,000 ரூபாய் வீதம் கணக்கிட்டு, அதற்கு மேல் 5,000 தனியாக வைத்துக்கொண்டால் நிம்மதி. சில்லறையாக, 100, 200 தாள்களாக இருக்கட்டும்.

எங்கே தங்குவது

கப்பல் துறை பரத்பூர் அருகே, தீவின் வடகரையில் இருக்கிறது. துறையிலிருந்து கடைத்தெரு நீல் கேந்திராவுக்கு நடந்தே போய்விடலாம். லக்ஷ்மண்பூர் மேற்கு முனை, சீதாபூர் கிழக்கு முனை, ராம்நகர் கிழக்குப் பக்கம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சைக்கிளில் அரை மணி நேரம்.

கேந்திராவில் தங்கினால் சாப்பாடு பக்கம், இரைச்சலும் பக்கம். சீதாபூர் பக்கம் விடியலுக்கு நல்லது, ஆனால் சாப்பாட்டுக்குத் தங்குமிடத்தையே நம்பியிருக்க வேண்டும், திறந்த கடல் என்பதால் ஏற்றத்தில் அலையும் வலுவாக இருக்கும். முதல்முறை போகிறவர்களுக்கு லக்ஷ்மண்பூர் சாலையில் உள்ள மூங்கில் குடிசைகளைச் சொல்வோம். கடற்கரைக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில் இருக்கும், சூரியன் மறைவதை நடந்து போய்ப் பார்த்துவிட்டு இருட்டும் முன் திரும்பிவிடலாம். அரசு சுற்றுலாத் துறையின் ஹவாபில் நெஸ்ட் விடுதியும் உண்டு, அதற்கு முன்பதிவு அவசியம்.

எளிய குடிசை 800 முதல் 1,500 ரூபாய்க்குள் கிடைத்தால் நியாயமான விலை. முதல் இரவுக்கு மட்டும் முன்பதிவு செய்யுங்கள். மறுநாள் காலை சைக்கிளில் போய் நாலைந்து இடங்களை நேரில் பார்த்து, மிச்சம் நான்கு இரவுக்கும் சேர்த்துப் பேசினால் விலை குறையும். பார்க்க வேண்டியவை: கொசுவலையில் ஓட்டை, மின்விசிறி படுக்கைக்கு நேர் மேலே இருக்கிறதா, குளியலறைத் தண்ணீர் உப்புக் கரிக்கிறதா, பக்கத்தில் ஜெனரேட்டர் இருக்கிறதா. கடைசியை எல்லோரும் மறப்பார்கள். மின்சாரம் இருக்கும் பகலில் அது சத்தம் போடாது, இரவில் கரண்ட் போன பிறகுதான் படுக்கைக்கு அடுத்த சுவரில் இருப்பதே தெரியும்.

மார்ச், ஏப்ரலில் நன்னீர் தட்டுப்பாடு உண்டு. குளித்த உப்பைப் போக்க ஒரு வாளி தண்ணீர் போதும். அனுமதியில்லாமல் கடற்கரையில் கூடாரம் அடிக்கக் கூடாது, அப்படி அறைச் செலவை மிச்சப்படுத்தும் எண்ணம் இருந்தால் கைவிட்டுவிடுங்கள்.

ஒரு நாளை எப்படி விடுவது

கடிகாரம் இந்திய நேரம்தான், சூரியன் மட்டும் சென்னையை விட ஐம்பது நிமிடத்துக்குக் கிட்ட முந்தி ஓடும். டிசம்பரில் 5 மணிக்கே சூரியன் மறைந்து ஐந்தரைக்கெல்லாம் கும்மிருட்டு. ஆகவே நாளை ஒரு மணி நேரம் முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும்: நாலரைக்கு எழுந்து, எட்டரைக்குப் படுத்துவிடுவது. ஊரில் பத்து மணி வரை போனைத் தடவிக்கொண்டிருந்தவர்களுக்கு இது முதல் இரண்டு நாள் கஷ்டமாக இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து தானாக வரும். இரண்டு இரவுத் தங்கலில் ஓய்வு கிடைக்காததற்குக் காரணமே இதுதான்: உடம்பு தீவின் நேரத்துக்கு மாறும்போது பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும்.

சைக்கிளை ஐந்து நாளுக்கும் சேர்த்து வாடகைக்கு எடுங்கள். ஒரு நாளைக்கு 150 முதல் 200 ரூபாய் ஆகும். தீவு பெரும்பாலும் மேடுபள்ளம் இல்லாதது, ஸ்கூட்டர் தேவையில்லை. எடுக்கும் முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள், சங்கிலியைச் சுற்றிப் பாருங்கள். உப்புக் காற்றில் சங்கிலி துருப்பிடித்து நடுவழியில் கழன்று விழும். கழன்றால் பின்சக்கரப் பல்லில் முதலில் மாட்டி, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினால் முன்பல்லில் தானாக ஏறிக்கொள்ளும்.

காலை ஏற்றத்தில் பரத்பூர். துறைக்குக் கிழக்கே உள்ள ஆழமில்லாத தண்ணீர், குழந்தைகள்கூட நிற்கலாம். ஏற்ற உச்சத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு தொடங்கி உச்சம் வரை ஸ்நார்க்கலிங் செய்வது நல்லது. தண்ணீர் உள்ளே வரும்போது தெளிவாக இருக்கும், வெளியே போகும்போது மணலைக் கிளறிக் கலங்கலாக்கும். படகுகள் ஓடும் பாதையை விட்டு விலகியே இருங்கள், தனியாக இறங்காதீர்கள். போட்டோக்களில் பார்த்த நிறத்தை எதிர்பார்க்க வேண்டாம்: 2010-ல் கடல் சூடேறியபோது அந்தமான் பவளங்களில் பெரும்பகுதி வெளுத்தது, 2016-ல் மறுபடியும் அடி. இடையிடையே உயிருள்ள பவளமும் அதைச் சுற்றி மீன்களும் தாராளமாக உண்டு. கடற்புல் பரப்பின் மேல் மெதுவாக மிதந்தால் அதிர்ஷ்டம் இருந்தால் கடற்பசு தென்படலாம். பாக் நீரிணை மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அதே விலங்குதான், அந்தமானின் மாநில விலங்கும் அது. துரத்தாதீர்கள், மூச்சுக்கு மேலே வரும் விலங்கை விரட்டினால் அது மூச்சு வாங்காமலே ஓடும்.

இயற்கைப் பாலத்துக்குப் போகும் நாள் தவிர, பத்தரைக்கு மேல் மூன்று மணி வரை வெளியே எதையும் செய்யாதீர்கள். அதுதான் அரை நாள் கூட்டத்தின் நேரம், வெயிலின் நேரமும்கூட. கடைத்தெருவில் வங்காளி ஓட்டல்களில் மீன் சாப்பாடு கிடைக்கும்: சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல், கடுகெண்ணெயில் செய்த மீன் குழம்பு. கடுகெண்ணெய் வாடை ஒத்துவராதவர்கள் முதலிலேயே கேட்டு முட்டைக் குழம்புக்கு மாறிக்கொள்ளலாம். கடை வைத்திருப்பவரை தாதா என்றும், பெண்ணாக இருந்தால் தீதி என்றும் கூப்பிடுங்கள். அரைகுறை இந்தியே போதும். இரவுச் சாப்பாட்டை மதியமே சொல்லிவைத்துவிட்டு வந்தால் மீன் எடுத்து வைப்பார்கள். எட்டு மணிக்குப் போய்க் கேட்டால் மேகி நூடுல்ஸ்தான். சாப்பிட்டபின் தூக்கம். கயிற்று ஊஞ்சல் கட்டுகிறவர்கள் தென்னைக்கு அடியில் கட்டாமல் இருந்தால் சரி.

மாலையில் லக்ஷ்மண்பூர் கடற்கரை, நாளை இயற்கைப் பாலம், அதற்கு மறுநாள் சும்மா. பிறகு திரும்ப அதே. இடையில் ஒரு காலை சீதாபூரில் விடியல். ஐந்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்றால் நாலரைக்கே சைக்கிளை எடுக்க வேண்டும், சாலை விளக்கு கிடையாது.

இயற்கைப் பாலம்: நேரம் தப்பினால்

லக்ஷ்மண்பூர் இரண்டாம் கடற்கரையில், கடல் அரித்துக் குடைந்த பாறை வளைவு. குடியேறிய வங்காளிகள் இதற்கு ஹவுரா பாலம் என்று பெயர் வைத்தார்கள். சாலை முடியும் இடத்திலிருந்து கரையோரமாகப் பாறை மேல் நடந்துதான் போக வேண்டும், வற்றத்தில் மட்டுமே வழி இருக்கும்.

வற்ற நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு நடக்கத் தொடங்குங்கள். வற்றம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட வேண்டும். காரணம் எளிது: கடல் ஒரே சீராக ஏறுவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு பங்கு, மூன்றாவது, நான்காவது மணிகளில் மும்மூன்று பங்கு என்று ஏறும். முதல் ஒரு மணி நேரம் எதுவும் மாறாதது போலத் தோன்றி, அதன்பின் கண்ணெதிரே வழி மூழ்கும். மாட்டிக்கொள்கிறவர்கள் அத்தனை பேரும் அந்த முதல் மணி நேரத்தை நம்பியவர்கள்தான். வற்றம் 4 மணிக்கு என்றால் டிசம்பரில் இருட்டும் துரத்தும், அப்போது 2 மணிக்கே கிளம்பி நாலேகாலுக்குத் திரும்புங்கள்.

பாலத்தை விடப் போகும் வழியில் உள்ள குட்டைகளுக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். ஒரு குட்டைக்குப் பக்கத்தில் நிழல் விழாதபடி குந்தி, ஐந்து நிமிடம் அசையாமல் இருங்கள். முதலில் வெறும் பாறையும் தண்ணீரும்தான் தெரியும். இரண்டாவது நிமிடத்தில் ஒரு சங்கு நகரும், அது துறவி நண்டு. பிறகு கறுத்த கயிறு போலக் கிடந்தது கடல் அட்டை என்று புரியும். பாறை இடுக்கில் பச்சை, ஊதா உதடு விரித்த சிப்பி, உங்கள் விரல் நிழல் பட்டதும் சட்டென்று மூடிக்கொள்ளும். வழிகாட்டிகள் சிலர் அட்டையைக் கையில் எடுத்து நீட்டுவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கைக்குட்டையளவு தண்ணீரில் வெயிலைத் தாங்கிக்கொண்டிருக்கும் உயிருக்கு அது பெரிய தொந்தரவு. கடல் அட்டையும் பவளமும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறவை, எடுப்பது குற்றம்.

பச்சைப் பாசி படிந்த பாறையில் கால் வைக்காதீர்கள், பழுப்பு நிறச் சொரசொரப்பில் வையுங்கள். கை ஊன்றும் முன் இடுக்கைப் பாருங்கள்.

எது கெடும், ஏன்

மணல் ஈ: இந்தத் தீவின் உண்மையான வில்லன். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. காலையும் அந்தியும் ஈர மணலை ஒட்டியே பறக்கும். கடித்தது மறுநாள்தான் தெரியும், அரிப்பு ஒரு வாரம் நிற்கும். சொறிந்தால் புண்ணாகும், ஈரக் காற்றில் புண் ஆறாது. முழங்காலுக்குக் கீழே தேங்காய் எண்ணெயைத் தடிமனாகப் பூசினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். மணலில் நேராகப் படுக்காமல் பாய் விரியுங்கள்.

பவளக் கீறல்: சின்னதாகத்தான் இருக்கும், அதனால்தான் விட்டுவிடுவார்கள். உள்ளே பவளத்துகள் தங்கிச் சீழ் பிடிக்கும். நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் கழுவி, மென்மையான பிரஷ்ஷால் துகளைத் தேய்த்து எடுத்து, அயோடின் வைத்து, அன்றும் மறுநாளும் கடலில் இறங்காமல் இருங்கள்.

முள் மீன் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் காலை வையுங்கள். வலி குறையும் வரை, ஒன்றரை மணி நேரம் வரைகூட வைக்கலாம். வீக்கம் ஏறினாலோ மூச்சு முட்டினாலோ உடனே தீவின் ஆரம்ப சுகாதார நிலையம். அதற்கு மேற்பட்ட சிகிச்சைக்குத் தலைநகரில் உள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குக் கப்பலில்தான் போக வேண்டும் என்பதால், பைக் சாகசம் செய்யும் ஊர் இது அல்ல.

முதலை: அந்தமானில் உவர்நீர் முதலை உண்டு. 2010-ல் ஹேவ்லாக்கில் நீந்திக்கொண்டிருந்த ஒரு பயணி முதலையால் உயிரிழந்தார். அலையாத்திக் காடு, ஓடை வாய் ஆகிய இடங்களில் இறங்காதீர்கள், அந்தி சாய்ந்தபின் எங்கேயும் இறங்காதீர்கள். எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும்.

கிளம்பும் முன்

ஸ்கூபா செய்வதானால் தங்கலின் முதல் பாதியிலேயே முடித்துவிடுங்கள். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரமும், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏறலாம். மேலே சொன்ன உபரி நாள் இதற்கும் உதவும்.

கப்பல் நேரத்தை முந்தின மாலை தங்குமிடத்தில் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். வானிலையைப் பொறுத்து நேரம் மாறும், குறுஞ்செய்தி வந்து சேராமலும் போகும். பழைய பேட்டரி, மருந்துப் பட்டை, ஷாம்பு பாக்கெட் ஆகியவற்றைத் தீவில் போடாமல் பையிலேயே கொண்டுவாருங்கள். சைக்கிள்காரருக்குச் சாவியைக் கொடுத்து, முன்பணம் கொடுத்திருந்தால் திரும்ப வாங்குங்கள். கரையில் பொறுக்கிய சங்கு, செத்த பவளத் துண்டு எதுவாக இருந்தாலும் கிளம்பும் முன் அங்கேயே போட்டுவிடுங்கள். விமான நிலையத்தில் பைகளைச் சோதிப்பார்கள். கடையில் வாங்கிய சங்குப் பொருளாக இருந்தாலும் ரசீதைக் காட்டச் சொல்வார்கள், ஆகவே அதை மேல் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.